துப்பாக்கிமேல் ஏறிய தொலைநோக்கி: ஒரு பழைய ஆயுதத்தை ஆதாரமாக வாசிப்போம்



இன்றைக்கு ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாம். கைப்பேசியில் போர் விளையாட்டு ஆடாத மாணவர் உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொன்னால் இரண்டு மூன்று கைகூட எழும்பாது. அந்த விளையாட்டில் என்ன நடக்கிறது? தரையில் ஒரு துப்பாக்கி கிடக்கும். பக்கத்து வீட்டில் ஒரு ஸ்கோப் கிடக்கும். விரலால் ஒரு தட்டு. ஸ்கோப் துப்பாக்கிமேல் ‘டக்’கென்று உட்கார்ந்துகொள்ளும். அடுத்த நொடியே சுடலாம். குறி தப்பினால் தப்பு உங்கள் விரலில்தான், ஸ்கோப்பில் கிடையாது.

நிஜத்தில் அந்த ‘டக்’ சத்தத்துக்கு உலகப் படைகள் ஏறக்குறைய முப்பது ஆண்டு பாடுபட்டன. ஒரு கண்ணாடிக் குழாயை ஓர் இரும்புக் குழாயின் மேல் அசையாமல் நிறுத்துவது என்ன பெரிய வேலை என்று தோன்றும். ஆனால் அதற்குள் அறிவியல் இருக்கிறது, கணிதம் இருக்கிறது, பெயர் தெரியாத தொழிலாளர்களின் உழைப்பு இருக்கிறது, ஒரு பேரரசின் அலட்சியமும் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் பிரிட்டிஷ் படையின் ‘லீ என்ஃபீல்டு நம்பர் 4 டி’ என்ற துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். ஆயுதத்தைப் புகழ்வது நம் வேலை இல்லை. ஒரு பொருளை வரலாற்று ஆதாரமாக எப்படி வாசிப்பது என்று பழகுவதுதான் நம் வேலை. ஆதார வினாவுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

முதலில் ஒரு சொல்

தமிழாசிரியர்களுக்குப் பிடித்த இடத்திலிருந்தே தொடங்குவோம். ‘ஸ்னைப்பர்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ‘ஸ்னைப்’ என்பது ஒரு பறவை. தமிழில் உள்ளான் என்கிறோமே, அந்த இனம். சேற்றோரம் இரை தேடும். நிறம் சேற்றோடு சேர்ந்துவிடும். ஆள் நெருங்கினால் திடீரென்று எழும்பி, கோணல்மாணலாகப் பறக்கும். அதைச் சுடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் உள்ளான் வேட்டைக்குப் போவதைத் தங்கள் கடிதங்களில் இந்தச் சொல்லால் எழுதினார்கள். வேட்டைச் சொல் மெதுவாகப் போர்ச் சொல் ஆனது. தமிழில் ‘பதுங்கிச் சுடுபவர்’ என்று எழுதலாம்.

வேட்டைக்கும் போருக்கும் உள்ள இந்த உறவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

1914: கண்ணாடி இல்லாத பேரரசு

முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டனிடம் பெரிய கடற்படை இருந்தது, உலகம் முழுக்கக் குடியேற்ற நாடுகள் இருந்தன. ஆனால் துப்பாக்கிக்கு ஏற்ற தொலைநோக்கி மட்டும் சரியாக இல்லை. ஜெர்மனியின் நிலை வேறு. அங்கே காட்டு வேட்டை பெரிய பழக்கம். தொலைநோக்கி பொருத்திய வேட்டைத் துப்பாக்கிகள் பல வீடுகளில் இருந்தன. கண்ணாடித் தொழிலும் அங்கே வளர்ந்திருந்தது. யேனா நகரத்துக் கண்ணாடியும் ஸைஸ் நிறுவனத்தின் வில்லைகளும் உலகப் புகழ் பெற்றவை. போர் பதுங்குகுழிகளில் முடங்கியதும், ஜெர்மானியர்கள் அந்த வேட்டைத் துப்பாக்கிகளைத் திரட்டி முன்னணிக்கு அனுப்பினார்கள். படைத் துப்பாக்கிகளுக்கும் தொலைநோக்கி மாட்டினார்கள்.

பிரிட்டிஷ் வீரர்கள் மண்மேட்டுக்கு மேல் தலை தூக்க முடியாத நிலை. எங்கிருந்து சுடுகிறார்கள் என்றே தெரியாது.

கண்ணாடிப் பஞ்சம் எந்த அளவுக்குப் போனது என்றால், 1915இல் எதிரி நாடான ஜெர்மனியிடமிருந்தே இருகண் தொலைநோக்கிகளை வாங்கலாமா என்று சுவிட்சர்லாந்து வழியாகப் பேச்சு நடந்தது. பதிலுக்கு ஜெர்மனிக்கு வேண்டியிருந்த பொருள் ரப்பர். இதைப் படிக்கும்போது நமக்குச் சுருக்கென்று படவேண்டும். அன்றைக்குப் பிரிட்டிஷ் பேரரசின் ரப்பருக்கு முக்கியமான ஊற்று மலாயாத் தோட்டங்கள். விடியற்காலையில் எழுந்து அங்கே பால்மரம் சீவியவர்கள் யார் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பியப் போரின் கணக்குப் புத்தகத்தில் கண்ணாடியும் ரப்பரும் ஒரே வரியில் வந்து நிற்கின்றன.

பக்கத்தில் வைத்த பிழை

பிரிட்டன் அவசர அவசரமாகத் தொலைநோக்கிகளைச் செய்தது. ஆல்டிஸ், பெரிஸ்கோப்பிக் பிரிஸம் ஆகிய நிறுவனங்கள் செய்த தொலைநோக்கிகள் லீ என்ஃபீல்டு துப்பாக்கிகளில் ஏறின. ஆனால் எங்கே பொருத்தினார்கள்? குழலுக்கு நேர்மேலே இல்லை. இடப் பக்கத்தில் தள்ளிப் பொருத்தினார்கள்.

ஏன் அப்படி? காரணம் இருக்கிறது. அந்தத் துப்பாக்கியில் ஐந்து ஐந்து தோட்டாவாக ஒரு கவ்வியில் வைத்து மேலிருந்து அழுத்தி நிரப்புவார்கள். தொலைநோக்கி நேர்மேலே உட்கார்ந்தால் அந்த வழி அடைபட்டுப் போகும். வேகமாக நிரப்ப வழி வேண்டும் என்பதால் கண்ணாடியைப் பக்கத்தில் தள்ளினார்கள்.

காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனை. களத்தில் என்ன ஆனது? பதுங்குகுழியில் வீரன் ஓர் இரும்புத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்து, அதிலுள்ள சின்னத் துவாரம் வழியாகச் சுடுவான். துவாரம் குறுகல். குழல் துவாரத்தில் நுழைந்தால், பக்கத்தில் இருக்கும் தொலைநோக்கி தகட்டைத்தான் பார்க்கும்! அதோடு இன்னொரு தொல்லை. பார்வைக் கோடு ஒரு பக்கம், தோட்டா போகும் கோடு இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே ஒரு தூரத்தில்தான் சந்திக்கும். அதற்கு முன்னும் பின்னும் பக்கவாட்டுப் பிழை வரும்.

இதை வெளிப்படையாகக் குறை சொன்னவர் ஹெஸ்கெத் பிரிச்சார்டு. இவர் பயணி, வேட்டைக்காரர், எழுத்தாளர், ஹாம்ப்ஷயர் அணிக்காக ஆடிய வேகப்பந்து வீச்சாளரும்கூட. முன்னணியில் இருந்த தொலைநோக்கித் துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்த்தபோது, பலவற்றின் குறி தப்பியிருந்ததைக் கண்டார். கருவியைக் கொடுத்தார்கள், கற்றுக்கொடுக்கவில்லை. யாராவது ஆர்வத்தில் திருகாணியைத் திருகிப் பார்த்திருப்பார்கள். அவ்வளவுதான், குறி போச்சு.

1916இல் பிரான்சில் லின்கெம் என்ற ஊரில், பதுங்கிச் சுடுவதற்கும் கண்காணிப்பதற்கும் ஒரு பள்ளி அவருடைய பொறுப்பில் நடந்தது. ஆசிரியர்களே, இதைக் கவனியுங்கள். அந்தப் பள்ளியில் சுடுவது மட்டும் பாடம் இல்லை. பார்ப்பதும் பாடம். பார்த்ததைத் தப்பில்லாமல் எழுதுவதும் பாடம். எதிரிப் பதுங்குகுழியில் ஒரு பூனை அடிக்கடி ஒரே இடத்தில் வெயில் காய்வதைக் கண்காணிப்பாளர் ஒருவர் குறிப்பேட்டில் எழுதினார். சாதாரண வீரர்களுக்கு ஏது பூனை? அங்கே அதிகாரிகள் தங்கும் நிலவறை இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள். பீரங்கிகள் அந்த இடத்தைத் தாக்கின. பிரிச்சார்டு தம் நினைவு நூலில் எழுதிய சம்பவம் இது. கவனித்து எழுதிய ஒரு குறிப்பு எவ்வளவு தூரம் போகும், எத்தனை உயிரைக் கொண்டுபோகும் என்பதற்கு இந்தப் பூனையே சாட்சி.

மறந்துபோன பாடம்

1918இல் போர் முடிந்தது. பாடமும் அதோடு முடிந்தது. பதுங்கிச் சுடுவதெல்லாம் பழைய பதுங்குகுழிப் போருக்கு உரியது, இனி தேவைப்படாது என்ற எண்ணம் வந்துவிட்டது. பயிற்சி குறைந்தது. கருவிகள் கிடங்குக்குப் போயின.

1940இல் டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பி வந்தது. ஆயுதங்களில் பெரும்பகுதியைப் பிரான்சிலேயே விட்டுவிட்டு வந்தது. இப்போது மறுபடியும் தேடல். கிளாஸ்கோ நகரத்துத் துப்பாக்கிக் கடையான அலெக்ஸாண்டர் மார்ட்டின் நிறுவனம், முதல் போர்க் காலத்து ஆல்டிஸ் தொலைநோக்கிகளை எடுத்து 421 பேட்டர்ன் 14 துப்பாக்கிகளில் பொருத்திக் கொடுத்தது. எங்கே பொருத்தினார்கள் தெரியுமா? மறுபடியும் இடப் பக்கத்தில்தான்!

பழைய கண்ணாடி, பழைய துப்பாக்கி, பழைய பிழை. வரலாற்றைப் படிக்காதவர் அதையே திரும்பச் செய்வார் என்று நாம் வகுப்பில் சொல்கிறோம். இங்கே அதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

நம்பர் 4 டி: எப்படிச் செய்தார்கள்?

இதற்குள் லீ என்ஃபீல்டின் புதிய வடிவமான நம்பர் 4 வந்திருந்தது. பழையதைவிடக் குழல் கனமானது, உடல் உறுதியானது. முதலில் சோதனைக்காகச் செய்த நம்பர் 4 துப்பாக்கிகளில் ஏறக்குறைய 1,400ஐ என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையிலேயே மாற்றினார்கள். 1942 செப்டம்பர் முதல் அந்த வேலை லண்டனில் இருந்த ஹாலண்டு அண்ட் ஹாலண்டு நிறுவனத்துக்குப் போனது.

யார் இவர்கள்? 1835இல் தொடங்கிய கம்பெனி. பிரபுக்களுக்கும் மகாராஜாக்களுக்கும் விலை உயர்ந்த வேட்டைத் துப்பாக்கி செய்து கொடுத்தவர்கள். பார்த்தீர்களா, வேட்டை மறுபடியும் வந்துவிட்டது. போர் முடிவதற்குள் 20,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இவர்கள் கை வழியாகப் போயின. கனடாவில் டொரொண்டோ அருகே லாங் பிராஞ்ச் தொழிற்சாலையிலும் ஓரளவு செய்தார்கள்.

இனி வேலையின் படிகளைப் பார்ப்போம்.

முதல் படி, தேர்வு. எல்லாத் துப்பாக்கியும் இதற்கு ஆகாது. தொழிற்சாலையில் சுட்டுப் பார்க்கும்போது குறி நன்றாக விழுபவற்றைத் தனியாக எடுத்து வைப்பார்கள். பெரும்பாலானவை பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனியின் ஷர்லி தொழிற்சாலையில் செய்தவை.

இரண்டாம் படி, அடித்தளம். துப்பாக்கி உடலின் இடப் பக்கத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு எஃகுத் திண்டுகளைத் திருகாணி போட்டு இறுக்குவார்கள். திருகாணி தானாகக் கழன்றுவிடாதபடி அதன் தலையை அடித்து நிறுத்துவார்கள்.

மூன்றாம் படி, தாங்கி. இது தொலைநோக்கியைப் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கை. இரண்டு பெரிய கைத்திருகாணிகளால் திண்டுகளோடு இணையும். வேண்டும்போது கழற்றலாம், திரும்ப மாட்டலாம். முக்கியமான விஷயம் இதுதான்: திண்டு பக்கத்தில் இருந்தாலும் தாங்கி வளைந்து மேலே வந்து, கண்ணாடியைக் குழலுக்கு நேர்மேலே நிறுத்தியது. முதல் போரின் பிழை இங்கேதான் திருத்தப்பட்டது. அதற்கு ஒரு விலையும் உண்டு. கவ்வியால் ஐந்து ஐந்தாக நிரப்ப முடியாது, ஒவ்வொரு தோட்டாவாகப் போடவேண்டும். ஒரே குண்டில் காரியம் முடிக்க நினைப்பவனுக்கு வேகத்தைவிடக் குறிதான் முக்கியம் என்று முடிவெடுத்தார்கள். இந்தத் தாங்கிகளைச் செய்தவர்களில் ஒருவர், கெய்ன்ஸ்பரோ ஊரின் ரோஸ் பிரதர்ஸ். மிட்டாயையும் சாக்லெட்டையும் தாளில் பொதியும் இயந்திரம் செய்தவர்கள்! போர் வந்தால் மிட்டாய் இயந்திரக் கம்பெனியும் ஆயுதக் கம்பெனி ஆகிவிடுகிறது.

நான்காம் படி, கன்னத்தாங்கி. தொலைநோக்கி உயரத்தில் இருப்பதால் முகத்தையும் உயர்த்தவேண்டும். இல்லாவிட்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்க்க நேரிடும், தலை ஆடும். அதனால் பின்கட்டையின் மேல் ஒரு மரத்துண்டைத் திருகி வைத்தார்கள். பின்பக்கக் குறிக்கருவியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பகுதியையும் தேய்த்து எடுத்தார்கள், தொலைநோக்கிக்கு இடம் வேண்டுமே.

ஐந்தாம் படி, சோதனை. சுடுதளத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டு, கண்ணாடியின் குறியும் தோட்டா விழும் இடமும் ஒன்றாகும்வரை திருத்துவார்கள். 200 கெஜத் தூரத்தில் 5 அங்குல வட்டத்துக்குள் குண்டுகள் விழவேண்டும். தேறினால் ‘டி’ என்ற எழுத்து உடலில் பதியும்.

தொலைநோக்கியின் பெயர் நம்பர் 32. மூன்றரை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று சொல்வார்கள். உங்கள் விளையாட்டில் வரும் எட்டு மடங்கு ஸ்கோப்போடு ஒப்பிட்டால் சாதாரணம்தான். அதிலும் ஒரு வேடிக்கை: இது முதலில் இந்தத் துப்பாக்கிக்காக வடிவமைத்தது இல்லை, பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கிக்காக யோசித்தது.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

“ஒட்டினா ஒட்டிக்கப் போகுது, இதுக்கு ஏன் இவ்வளவு பாடு?” என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பென்சிலை எடுங்க.

தொலைநோக்கியைத் தாங்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 6 அங்குலம் என்று வச்சுக்குவோம். குறி 600 கெஜத்தில் இருக்கிறது. ஒரு கெஜம் 36 அங்குலம். அப்படியானால் 21,600 அங்குலம். அதை 6ஆல் வகுத்தால் 3,600. அதாவது, இங்கே ஒரு முனை எவ்வளவு நகர்கிறதோ, அங்கே குறி அதைப்போல 3,600 மடங்கு விலகும்.

ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தால்? அங்கே 3.6 அங்குலம் விலகல். தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று பங்கு. அந்த அளவு நகர்ந்தால் 10 அங்குலத்துக்கு மேல் விலகல். மனிதத் தலையின் அகலமே அதைவிடக் குறைவு.

இப்போது துப்பாக்கியின் உதைப்பை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு சுத்தியல் அடி விழுகிற மாதிரி. நூறு குண்டு, ஆயிரம் குண்டு சுட்ட பிறகும் அந்தத் திண்டு ஒரு தலைமுடி அளவுகூட நகரக்கூடாது. நம்பர் 4 டி துப்பாக்கியில் முன் திண்டு தளர்வது உண்மையிலேயே பெரிய தலைவலி. படைப் பட்டறைகளில் அதைத் திரும்பத் திரும்ப இறுக்கவேண்டி வந்தது.

இன்னொரு கணக்கு. நம்பர் 32 தொலைநோக்கியின் முதல் வடிவத்தில், பக்கவாட்டுத் திருகை ஒரு ‘கிளிக்’ திருப்பினால் குறி 2 கோணத் துளி நகரும். 100 கெஜத்தில் ஒரு கோணத் துளி என்பது ஏறக்குறைய ஓர் அங்குலம். அப்படியென்றால் 600 கெஜத்தில் ஒரு கிளிக்குக்கு 12 அங்குலத்துக்கு மேல்! வலப் பக்கம் தப்புகிறதே என்று ஒரு கிளிக் திருப்பினால் இடப் பக்கம் தப்பும். 1943இல் வந்த இரண்டாம் வடிவத்தில் இதை ஒரு துளியாகக் குறைத்தார்கள். 1944இல் மூன்றாம் வடிவம் வந்தது, திருத்துவது இன்னும் சுலபமானது. பயன்படுத்தியவர் சொன்ன குறையைக் கேட்டு, செய்தவர் திருத்தியதற்கு இந்த மூன்று வடிவங்களே ஆதாரம்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

ஒரே சிக்கலுக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை கண்டது. ஒப்பீட்டு வினாவுக்கு இந்தப் பகுதி உதவும்.

சோவியத் ஒன்றியம் 1942 முதல் மோசின் துப்பாக்கியில் பி.யூ. என்ற மூன்றரை மடங்கு தொலைநோக்கியைக் குழலுக்கு மேலே பொருத்தியது. அதன் நேரான கைப்பிடியைத் தூக்கினால் கண்ணாடியில் இடிக்கும். அதனால் கைப்பிடியை நீட்டிக் கீழ்நோக்கி வளைத்தார்கள். சிக்கனமான, நேரடியான தீர்வு.

ஜெர்மனி பல வழிகளை முயன்றது. அதில் ஒன்று, ஒன்றரை மடங்கு மட்டுமே பெரிதாக்கும் சின்னத் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து வெகுதூரம் தள்ளி, குழலின்மேல் முன்பக்கமாக வைப்பது. தோட்டா நிரப்பும் வழி அடைபடவில்லை. ஆனால் பார்வை ஒரு சாவித்துவாரம்போல் குறுகிவிட்டது.

ஜப்பான் 1937இல் ஏற்ற 97ஆம் வகைத் துப்பாக்கியில், இரண்டரை மடங்கு தொலைநோக்கியை இடப் பக்கம் தள்ளி வைத்தது. கவ்வியால் நிரப்ப வழி விட்டது. குறியைத் தொழிற்சாலையிலேயே சரிசெய்து அனுப்பினார்கள். வீரன் திருகி விளையாட ஒன்றும் இல்லை. பிரிச்சார்டு பார்த்த தொல்லை இதில் வராது. ஆனால் களத்தில் குறி மாறினால் வீரன் மனத்தால்தான் ஈடுகட்டவேண்டும்.

அமெரிக்கா 1943இல் கொண்டுவந்த துப்பாக்கியில் சாதாரணக் குறிக்கருவியையே எடுத்துவிட்டது. கண்ணாடி உடைந்தால் வேறு வழி இல்லை.

எது சிறந்தது? ஒன்றைப் பெற ஒன்றை இழந்தார்கள். தேர்வில் ‘நன்மை, தீமை’ எழுதச் சொன்னால், வெறும் பட்டியல் போடாமல், ‘எதைப் பெற எதை விட்டுக்கொடுத்தார்கள்’ என்று எழுதிப் பாருங்கள். விடையின் தரம் உயரும்.

நம் மண்ணில்

1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம். லீ என்ஃபீல்டு இங்கேயும் வந்தது. ஆனால் காட்டுக்குள் பரவலாகத் தூக்கிப் போனது நீளமான நம்பர் 4 டி அல்ல, அதே குடும்பத்தைச் சேர்ந்த, நீளம் குறைத்த நம்பர் 5. காரணம் சுலபம். ஈரமான அடர்காட்டில் சில பத்துக் கெஜத்துக்கு அப்பால் இலைதான் தெரியும். 600 கெஜத்துக் கண்ணாடி அங்கே எதற்கு? ஈரப்பதமும் கண்ணாடிக்கு எதிரி, வில்லையில் பூஞ்சை பிடிக்கும். அந்த நம்பர் 5இன் மீதும் ஒரு குறை சொல்வார்கள்: ஒருமுறை சரிசெய்த குறி நாளடைவில் தானே இடம் மாறிவிடுகிறது என்று. கருவி எந்த மண்ணில் இயங்குகிறது என்பதைப் பார்க்காமல் அதை மதிப்பிட முடியாது.

எண்கள் பேசும்

இனி நம் முக்கியமான பாடத்துக்கு வருவோம். போர் முடிந்ததும் பல தொலைநோக்கிகள் துப்பாக்கியைப் பிரிந்து தனியாக விற்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம்பர் 4 டி துப்பாக்கிகள் 1970களின் தொடக்கத்தில் புதுக் குழல் பெற்று, எல் 42 என்ற பெயரில் மறுபிறவி எடுத்தன. 1982 ஃபால்க்லாந்து போர்வரை உழைத்தன. மற்றவை சேகரிப்பாளர்களிடம் போயின. விலை ஏற ஏற, போலிகளும் வந்தன. சாதாரண நம்பர் 4இல் புதிதாகத் துளை போட்டு, புதிய தாங்கியை மாட்டி, ‘அசல்’ என்று விற்பவர்கள் உண்டு.

எது அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? துப்பாக்கியின் எண் தாங்கியில் அடித்திருக்கும். தொலைநோக்கியின் எண் பின்கட்டையின் கழுத்தில் அடித்திருக்கும். போர்க்காலத்தில் தொலைநோக்கியை மாற்றியிருந்தால், பழைய எண்ணின்மேல் கோடு போட்டுப் புதிய எண்ணை அடித்திருப்பார்கள். கட்டையின் அடியில் ‘எஸ் 51’ என்று இருந்தால் அது ஹாலண்டு அண்ட் ஹாலண்டு நிறுவனத்தின் குறியீடு. உடலில் ‘டி’ இருக்கவேண்டும். பின்குறியில் தேய்த்த தடம் இருக்கவேண்டும். கன்னத்தாங்கியின் மரம் கட்டையோடு சேர்ந்து பழுத்திருக்கவேண்டும்.

ஒரே ஓர் அடையாளத்தை நம்பக்கூடாது. எண் அடிக்கும் அச்சு யாரிடமும் இருக்கலாம். ஆனால் ஐந்து இடத்தில் உள்ள தடயங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது கடினம். ஆதார வினாவில் நீங்கள் செய்வதும் இதேதான். ஆதாரம் ‘அ’ சொல்வதை ஆதாரம் ‘ஆ’வோடு வைத்துப் பார்க்கிறீர்கள். ஒத்துப்போகிறதா, முரண்படுகிறதா, ஏன்? அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ‘அழகாக இருக்கட்டும்’ என்று ஓர் அசல் சாதாரணத் துப்பாக்கியில் துளை போட்டுத் தொலைநோக்கி மாட்டினால், அது போலி ஸ்னைப்பர் ஆவதோடு, உண்மையான சாதாரணத் துப்பாக்கியாகவும் இல்லாமல் போய்விடுகிறது. ஒரு துளை, இரண்டு வரலாறு நாசம். கோயில் கல்வெட்டின்மேல் சாயம் அடிப்பது மாதிரி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையானது; நாம் இவற்றைப் படத்திலும் அருங்காட்சியகத்திலும்தான் பார்ப்போம், பார்த்தால் போதும். ஆனால் இந்தப் பாடம் நம் வீட்டுப் பொருளுக்கும் பொருந்தும். தாத்தாவின் தோட்டத்துச் சம்பள அட்டையோ பழைய அடையாள அட்டையோ உங்கள் வீட்டில் இருந்தால், அதில் கறை இருக்கிறதே என்று சுரண்டாதீர்கள். கறையும் ஆதாரம்தான்.

முடிப்பதற்கு முன்

தொலைநோக்கி துப்பாக்கிக்குப் புதிதாக ஒன்றைக் கொடுத்தது. அது தூரம் மட்டும் இல்லை. முகம். சாதாரண வீரனுக்கு எதிரி ஒரு நிழல். தொலைநோக்கி வழியாகப் பார்ப்பவனுக்கு அவன் சவரம் செய்திருக்கிறானா, சிரிக்கிறானா என்பதுகூடத் தெரியும். அதன் பிறகுதான் விசையை அழுத்தவேண்டும். பிடிபட்ட ஸ்னைப்பர்மீது எதிரிக்கு மட்டுமல்ல, சில சமயம் சொந்தப் படைக்கே ஒருவித வெறுப்பு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

லண்டன் பட்டறையில் அந்தத் திருகாணியை இறுக்கிய தொழிலாளியின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் வேலை சுத்தம். தலைமுடி அளவுகூடத் தப்பவில்லை. அந்தச் சுத்தமான வேலையின் மறுமுனையில் ஒரு மனிதன் விழுந்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் வரலாறு. விளையாட்டில் அந்த ‘டக்’ சத்தம் மட்டும்தான் கேட்கும்.

சிந்தனை வினாக்கள்

1. முதல் உலகப் போரில் தொலைநோக்கியை இடப் பக்கம் பொருத்தியதற்கான காரணம் என்ன? அதனால் விளைந்த இரண்டு சிக்கல்களை விளக்குக.
2. தாங்கும் புள்ளிகளுக்கு இடையே 5 அங்குலம், குறியின் தூரம் 400 கெஜம். ஒரு முனை 0.002 அங்குலம் நகர்ந்தால் குறி எவ்வளவு விலகும்?
3. சோவியத், ஜப்பானியத் தீர்வுகளை ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் எதைப் பெற எதை விட்டுக்கொடுத்தது என்று எழுதுக.
4. ‘கறையும் ஆதாரம்தான்.’ உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது சொல்லும் மூன்று செய்திகளை 150 சொற்களில் எழுதுக.

சொல் விளக்கம்

திண்டு: தாங்கி வந்து உட்காரும் தடித்த எஃகுத் துண்டு.
பின்கட்டை: தோளில் பதியும் மரப்பகுதி.
கவ்வி: தோட்டாக்களை வரிசையாகப் பிடித்து வைக்கும் தகடு.
கோணத் துளி: ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டாம் வினாவைக் கணித ஆசிரியரோடு சேர்ந்து நடத்திப் பாருங்கள். விடை 5.76 அங்குலம். “இவ்வளவா?” என்று மாணவர்கள் வியக்கும் நேரத்தில் மூன்றாம் வினாவைக் கொடுங்கள். வகுப்பு தானாகப் பேச ஆரம்பித்துவிடும்.